நாலடித் தூரம்

பனியன் கம்பெனியின் செக்கிங் ஹாலில் மேசைகள் எல்லாம் ஒரே அளவு. நாலடி அகலம். ஒரு மேசைக்கு இரண்டு பேர், எதிரும் புதிருமாக. இந்தப் பக்கத்துக்காரி சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு எதிரே தள்ளுவாள். அந்தப் பக்கத்துக்காரி அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். முடித்ததும் தன் எண் போட்ட ஸ்டிக்கரைக் கழுத்துப் பட்டியில் ஒட்டுவாள். ஓட்டை முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி, சட்டை திரும்பி வந்தால் அதில் இருப்பது ஒட்டியவளின் எண்தான். இந்த முறையை யார் கொண்டுவந்தார்கள் என்று ஹாலில் ஒருவருக்கும் தெரியாது. வேலை நடந்துகொண்டிருந்ததால் யாரும் கேட்டதில்லை.

பூங்கோதை முன்பக்கம். ருக்மணி அக்கா பின்பக்கம், ஸ்டிக்கரும் அவளுடையது.

இந்த மேசைக்கு வரும் முன் பூங்கோதை சாயப் பிரிவில் இருந்தாள். ஒரு நாள் குழாய் பிய்த்துக்கொண்டு, வெளுக்கப் போடும் திரவம் முகத்தில் அடித்தது. இரண்டு கண்களும் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் ஆயின. கருவிழி மாற்று அறுவைக்கான செலவு முழுவதையும் கம்பெனியே ஏற்றது. ஒரே ஒரு நிபந்தனை: கட்டு அவிழ்த்த மறுநாளிலிருந்து செக்கிங் மேசையில் உட்கார வேண்டும். இருபத்திரண்டு வயதில் பார்வை திரும்பக் கிடைக்கிறதென்றால் எந்த மேசையாக இருந்தால் என்ன என்று அவள் தலையாட்டினாள். அந்த நிபந்தனை எதற்கு என்பது கட்டு அவிழ்த்த அன்றுதான் விளங்கியது.

டாக்டர் மெஹருன்னிசா எதையும் அவசரமாகச் சொல்லாதவர். அன்றும் பொறுமையாகத்தான் சொன்னார்.

"தானமா வந்த கருவிழி மேல, ஆய்வகத்துல வளர்த்த ஒரு படலத்த ஒட்டியிருக்கோம். பழகுபடலம்னு பேரு. முன்னெல்லாம் தையல் பிரிச்ச பொறகும் புதுக் கருவிழி தன் இஷ்டத்துக்கு வளையும். எப்படி வளையும்னு எங்களுக்கே தெரியாது. இது அப்படியில்ல. நீங்க எதப் பார்த்துப் பழகறீங்களோ, அந்தத் தூரத்துக்குத் தக்கபடி தன்ன வளைச்சுக்கும். மூணு மாசம் அப்படி இருக்கும். அப்புறம் இறுகிடும்."

"இறுகினா என்னங்க டாக்டர்?"

"பழகின தூரம் துல்லியமாத் தெரியும். பழகாத தூரம் மங்கல். அதனால கிட்டவும் தூரமும் மாத்தி மாத்திப் பார்க்கச் சொல்லுவோம். அப்படிப் பார்த்தா எல்லாத்துக்கும் பொதுவா அமைஞ்சுடும். ஆனா காலையிலருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரே மேசைல உக்கார வச்சா, அந்த மேசைக்குன்னே அமைஞ்சுடும். நூல் விட்டுப்போனதெல்லாம் பளிச்சுனு தெரியும். மெஷினே தோத்துடும். உங்க கம்பெனிக்கு அதுதான் வேணும்."

"கண்ணாடி போட்டுக்கிட்டா சரியாகாதுங்களா?"

"சீரான வளைவுன்னாத்தான் கண்ணாடி. இது கைரேகை மாதிரி. எந்தக் கண்ணாடியும் இதுக்கு ஈடு குடுக்காது."

பூங்கோதை கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒண்ணு சொல்றேன். நான் சொன்னதா வெளிய போக வேண்டாம். இந்தப் படலம் நேரத்தக் கணக்குப் பண்றதில்ல. ஒண்ண உத்துப் பார்க்கறப்போ உள்ள தசை இறுகும், கண்ணீரோட தன்மை மாறும். அதத்தான் அது படிக்குது. கண்ணு முன்னால சும்மா கெடக்கறது அதுக்குக் கணக்கே இல்ல. மனசு வச்சுப் பார்க்கறது மட்டும்தான்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பூங்கோதை பின்னாளில் பலமுறை யோசித்தாள்.

கம்பெனிக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு மாலை வகுப்பு இருந்தது. டவர் கிரேன் இயக்கும் பயிற்சி. ஷிப்ட் முடிந்ததும் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பழைய மில்லின் பின்புற மைதானத்துக்குப் போவாள். லாரன்ஸ் சார் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று கைச்சைகைகள் காட்டுவார். இந்தக் கோடியில் வரிசையாக நிற்கும் மாணவர்கள் அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும். கையை உயர்த்தி விரலைச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை விரித்தால் நிறுத்து. பகலெல்லாம் கூரைக்கு அடியில் குனிந்திருந்தவளுக்கு, எல்லாக் கூரைகளுக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரப் போகிறோம் என்ற நினைப்பே மூச்சை விரித்துவிடும்.

"கீழ நிக்கறவன் காட்டறத நீ சரியாப் பார்க்கலைன்னா," என்பார் லாரன்ஸ் சார், "உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ மேலதான் உக்கார்ந்திருப்ப. அவன் தலையிலதான் இறங்கும்."

பயிற்சி முடிவில் கண் பரிசோதனை உண்டு. தூரப் பார்வை போய்விட்டால் கூண்டில் ஏற முடியாது. ஆக, டாக்டர் சொன்னதை வைத்து அவள் ஒரு திட்டம் போட்டாள். மேசையில் கண் திறந்திருக்கட்டும், மனது இருக்க வேண்டாம். மனதை மைதானத்துக்காகச் சேர்த்து வைப்பது.

சொல்வது எளிது. முதல் சில நாட்கள் அவளால் முடியவில்லை. துணி என்றால் கண் தானாகவே போய்ப் பிழையைத் தேடியது. தேடியதும் உள்ளே ஏதோ இறுகுவதுபோல் இருக்கும். பயந்து பார்வையைத் தளர்த்துவாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். கை சட்டையைத் தடவிக்கொண்டிருக்க, மனதுக்குள் சைகைகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். தூக்கு, இறக்கு, நிறுத்து. சட்டை ஒரு வெள்ளை நிழலாகக் கண் முன் வந்து போயிற்று. பெரிய கிழிசல், எண்ணெய்க் கறை என்றால் கண்ணில் பட்டது. ஊசித் துளைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் போயின.

ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அவள் நிமிர்ந்து ருக்மணி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா கவனித்துவிட்டாளா? அக்காவுக்குச் சந்தேகம் வந்தால் இடது புருவம் மட்டும் மெல்ல ஏறும். புருவம் ஏறவில்லை என்று உறுதியான பிறகே அடுத்த சட்டையை எடுப்பாள்.

"என்ன புள்ள, என் மூஞ்சியிலயா ஓட்டையத் தேடற?" என்றாள் ருக்மணி அக்கா ஒரு நாள்.

"இல்லீங்க்கா. சும்மா."

"புதுக்கண்ணு வந்ததுமே மொதல்ல என்னயப் பார்க்கோணும்னு உன் தலையெழுத்து. ஒரு சினிமா நடிகனாவது எதுத்தாப்ல உக்கார வச்சிருக்கலாம்."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள். சிரிக்கும்போதே அக்காவின் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை, சிரிப்புத்தான் இருந்தது.

தூரம் நிலைக்கிறதா என்று சோதிக்க, பஸ் நிறுத்தத்தில் நின்று எதிர்ச்சாரியில் இருந்த நாட்டு மருந்துக் கடையின் போர்டைத் தினமும் படித்தாள். சில நாளில் ஒரு சந்தேகம் வந்தது. படிக்கிறேனா, மனப்பாடத்தில் சொல்கிறேனா? போர்டை விட்டுவிட்டு, வரும் பஸ்களின் எண்களைப் படிக்கத் தொடங்கினாள். அதிலும் சந்தேகம். எந்தப் பஸ் எப்போது வரும் என்பதும் தெரிந்ததுதானே. கடைசியில் எதையும் நம்ப முடியாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

இரண்டாவது மாதம் சட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன.

ஏற்றுமதிக்குப் போன பெட்டிகளை வாங்குகிறவர்களின் ஆட்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹால் இன்சார்ஜ் வேலுச்சாமி அந்தச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் ருக்மணி அக்காவின் எண்.

"ஏனுங் ருக்மணி, கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் ஒட்டறீங்களா?"

"கொண்டாங் பார்க்கறேன்."

அக்கா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மார்புப் பக்கம் மூன்று ஊசித் துளைகள். முன்பக்கம். அக்கா இப்போது நிமிர்ந்து பார்ப்பாள், புருவம் ஏறும், கேட்பாள் என்று காத்திருந்தாள்.

அக்கா நிமிரவில்லை. சட்டையைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

"முன்னாடி இருந்தாலும் நான் ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் ஒட்டோணும்," என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "எப்படி உட்டேன்னு தெரியலீங்களே."

பூங்கோதையுடையது புதுக் கண், விலையுயர்ந்த கண், கம்பெனியே வாங்கிக் கொடுத்த கண். அது தப்புமா? தப்பியிருந்தால் பழைய கண்தான் தப்பியிருக்க வேண்டும். வேலுச்சாமிக்கும் அப்படித்தான் தோன்றியது, ஹாலுக்கும் அப்படித்தான். எல்லாரையும்விட உறுதியாக ருக்மணி அக்காவுக்கே அப்படித் தோன்றிவிட்டது.

பூங்கோதை அன்று மாலை வகுப்பில் மூன்று சைகைகளைத் தவறாகச் சொன்னாள். கண் தெரியாமல் அல்ல. மைதானத்தின் கோடியில் லாரன்ஸ் சார் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் மனதில் அக்கா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளையிலிருந்து ஒழுங்காகப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு இரவும் முடிவு செய்தாள். காலையில் மேசையில் உட்கார்ந்ததும், இன்னும் கொஞ்ச நாள்தானே, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது கண்ணை மேசைக்குக் கொடுப்பதா என்று தோன்றும். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாமா? அக்கா சொல்லாவிட்டாலும் ஹாலில் சுவருக்கும் காது உண்டு. கம்பெனிக்குத் தெரிந்தால்? இப்படியும் அப்படியுமாகக் கணக்குப் போட்டு, ஒரு முடிவுக்கும் வராமல் சட்டையைத் தள்ளுவாள். தள்ளிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகம் ஒரு மாதத்தில் மாறிவிட்டது. பேச்சுக் குறைந்தது. இப்போது இரண்டு பக்கத்தையும் அக்காவே பார்க்க ஆரம்பித்திருந்தாள். பார்த்ததையே மறுபடி பார்த்தாள். வேகம் பாதியாயிற்று. கண்ணை இடுக்கி இடுக்கி நெற்றியில் புதிய கோடு விழுந்திருந்தது. மோவாயில் இருந்த பழைய தழும்பைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

"உனக்கு நல்லாத் தெரியுதில்ல கண்ணு?" என்றாள் ஒரு நாள் திடீரென்று.

"தெரியுதுங்க்கா."

"கொடுத்து வச்சவ. எனக்கு நேத்து ஊசியில நூல் கோக்கறப்பக் கை நடுங்குது. கண்ணு தெரியாமத்தான் நடுங்குதுன்னு நெனைக்கறேன்."

பயத்தில் நடுங்குகிறது, அக்கா. பூங்கோதை அதை மனதுக்குள் மட்டும் சொன்னாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் ருக்மணி அக்கா மேசைக்கு வரவில்லை. எதிரே ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்க முடியாமல் பூங்கோதை வேலுச்சாமியிடம் போனாள்.

"அவங்களுக்கும் உன்ன மாதிரியே கண்ணு மாத்தறாங்கம்மா. திங்கக்கெழம ஆப்பரேசன். கம்பெனி செலவு."

"அவுங்களுக்குக் கண்ணுல ஒண்ணுமில்லீங்களே சார்."

"உனக்கெப்படித் தெரியும்? அவங்களே தெரியலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நல்லா இருந்தாத்தான் என்ன, இதப் போட்டா இன்னும் நல்லாத் தெரியப்போகுது. அடுத்த வருசம் ஹால் முழுக்கப் போடறதாப் பேச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன்னால வந்த யோசனைதான். உன் ஒருத்திய வச்சுத்தான் கம்பெனிக்கு நம்பிக்கையே வந்துச்சு."

அது சனிக்கிழமை. அன்று மத்தியானம் அவளுக்குக் கடைசிக் கண் அளவெடுப்பு இருந்தது. அக்காவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தன் கண் என்ன ஆயிற்று என்று தெரியட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள்.

டாக்டர் மெஹருன்னிசா கருவியில் மோவாயை வைக்கச் சொல்லி, ஒரு கண்ணைப் பார்த்தார். மறு கண்ணைப் பார்த்தார். அளவை அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். பிறகு விளக்கைப் போட்டார்.

"இறுகிடுச்சும்மா. ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி."

"தூரத்துக்குங்களா டாக்டர்?"

"இல்ல."

"மேசைக்கா?"

"அதுவும் இல்ல. மேசைக்கும் நீங்க சொன்ன மைதானத்துக்கும் நடுவுலதான் போட்டின்னு நான் நெனச்சேன். ரெண்டும் உங்க கண்ணுக்கு மங்கல். ஒரு சின்ன இடைவெளி மட்டும் துல்லியமா இருக்கு. இவ்வளவு துல்லியத்த நான் யார்கிட்டயும் பார்த்ததில்ல." டாக்டர் திரையைப் பார்த்துச் சொன்னார். "நாலடி. கூடக் கொறைய ஒரு சாண். நாலடி தூரத்துல அப்படி என்னத்தம்மா பார்த்தீங்க? டிவியா?"

மேசையின் அகலம் அவள் கண் முன் நின்றது. வெள்ளை நிழல்களாக வந்து போன சட்டைகள். மனது வேறெங்கோ நிற்க, கையசைவை மட்டும் பார்த்த மைதானம். இந்த மூன்று மாதத்தில் அவள் முழு மனதோடு உற்றுப் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். எதிரே அக்காவின் புருவம் ஏறுகிறதா, ஏறவில்லையா என்று.

"டாக்டர், நல்லா இருக்கற கண்ணுக்கு இதப் போட்டா, திரும்ப எடுக்க முடியுங்களா?"

டாக்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "எடுக்க முடியாது. நான் போடமாட்டேன்னு உங்க கம்பெனிகிட்டச் சொல்லிட்டேன். போடறவங்க இருக்காங்க. யாருக்கும்மா?"

பூங்கோதை எழுந்துவிட்டாள்.

அனுப்பர்பாளையத்தில் ருக்மணி அக்காவின் வீடு ஒரு வரிசை வீட்டின் கடைசி. மனப்பாடம் உதவாத வழி என்பதால் பஸ் எண்ணைப் படிக்க முடியாமல், நின்றவர்களிடம் கேட்டுத்தான் ஏறினாள். இறங்கியபின் தெருவும் புகை மூட்டம்போல் இருந்தது. வீட்டு எண்ணைத் தேடிக் கதவை நெருங்கினால் அதுவும் கலைந்தது. பின்வாங்கி நின்றபோது ஒரு கணம் தெளிந்தது. முன்னே போனால் மங்கல், பின்னே போனாலும் மங்கல். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று உறைத்தது. கதவு திறந்திருந்தது.

"அட, யாரு, கோதையா? வா கண்ணு, வா."

கலங்கிய உருவம் ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. பூங்கோதை இரண்டடி நகர்ந்தாள். சட்டென்று ருக்மணி அக்கா தெரிந்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கு தெரிந்தது. மோவாயின் தழும்பு தெரிந்தது. நெற்றியின் புதிய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு ஆரம்பிப்பது தெரிந்தது. முறத்தில் துவரம்பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. பேசிக்கொண்டே இரண்டு விரலால் கடுகளவு கல் ஒன்றைக் கிள்ளி வெளியே போட்டாள்.

"ரெண்டு வாரத்துக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாதாமா. அவுரு பருப்பு வேக வைக்கறதே பெருசு, கல்லெல்லாம் எங்க பார்ப்பாரு. அதுதான் ஒட்டுக்காப் பொறுக்கி வச்சுட்டுப் போயரலாம்னு." இன்னொரு கல் வெளியே விழுந்தது. "என் கண்ணுதான் போச்சே, இதுல என்னத்தப் பொறுக்கறேனோ."

பூங்கோதை முறத்தையும் வெளியே கிடந்த கற்களையும் பார்த்தாள்.

"நீ சொல்லு கண்ணு, ரொம்ப வலிக்குமா? உன்னயக் கேட்டுட்டுத்தான் போகோணும்னு நெனச்சேன். மனசுக்குள்ள ஒரே பயம். ஆனா உன்னயப் பார்த்துத்தான் தைரியம். புள்ளைக்கு நல்லாத்தானே ஆயிருக்குது, நமக்கும் ஆகும்னு."

"அக்கா."

"ஏன் அக்கட்ட நிக்கற? இக்கட்ட வந்து உக்காரு." அக்கா முறத்தை வைத்துவிட்டு எழ முயன்றாள்.

"வேண்டாங்க்கா. நீங்க அங்கயே இருங்க. கிட்ட வந்தா எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"உங்க மூஞ்சி."

ருக்மணி அக்கா சிரிக்கப் பார்த்தாள். பூங்கோதை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால் அந்த முகம் கலைந்துபோயிருக்கும். பார்க்காமலே சொல்லி முடித்திருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. அவள் நகரவில்லை.

"உங்க கண்ணுல ஒண்ணுமில்லீங்க்கா. திங்கக்கெழம போகாதீங்க. திரும்பி வந்த சட்டையெல்லாம் முன்பக்கம். முன்பக்கத்த நான் பார்க்கவே இல்ல."

"பார்க்கலைன்னா?"

"வேணும்னே பார்க்கல."

ருக்மணி அக்காவின் இடது புருவம் மெல்ல ஏறியது. அதன் பிறகு அந்த முகத்தில் வந்ததையும் போனதையும் பூங்கோதை பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.